பேசாத பேச்சு

பினாங்கு, ஜார்ஜ்டவுனில் 1940ஆம் ஆண்டு பிறந்தவர் கர்ப்பால் சிங். வழக்கறிஞரான அவர், 1978 முதல் ஜெலுத்தோங் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக விளங்கினார். ஆட்சியாளர்களை அஞ்சாமல் கேள்வி கேட்ட அவர், ‘ஜெலுத்தோங் புலி’ என அழைக்கப்பட்டார்.

1987 அக்டோபரில் ‘ஓப்பராசி லாலாங்’ எனும் காவல்துறை நடவடிக்கை தொடங்கியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். ஜார்ஜ்டவுனில் தோன்றிய ‘தி ஸ்டார்’ உட்பட மூன்று செய்தித்தாள்களின் உரிமம் முடக்கப்பட்டது. கைதானோருள் கர்ப்பாலும் ஒருவர். 1960ஆம் ஆண்டின் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டப்படி, ஒருவரை விசாரணையின்றி ஈராண்டு வரை தடுத்து வைக்க அமைச்சரின் ஆணையே போதுமானதாக இருந்தது. அக்காலத்தை நீட்டிக்கவும் இயன்றது.

கர்ப்பாலின் தடுப்புக்காவலுக்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று, அவர் ஆற்றியதாகச் சொல்லப்பட்ட ஓர் உரை. உண்மையில் அவர் அவ்வுரையை ஆற்றவே இல்லை! 1988 மார்ச்சில் ஈப்போ உயர் நீதிமன்றம் அவரை விடுவிக்க ஆணையிட்டது. ஆனால், சில மணி நேரத்திலேயே அவர் மீண்டும் கைதானார். மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றமும் அத்தீர்ப்பை மாற்றியது. 1989 ஜனவரியில்தான் அவருக்கு விடுதலை கிடைத்தது.

கூட்டரசு அரசியலமைப்பின் 10ஆவது விதி குடிமக்களுக்குப் பேச்சுரிமை வழங்குகிறது. எனினும், விசாரணையே இல்லாதபோது, ‘நான் அப்படிப் பேசவில்லை’ என்று மெய்ப்பிக்க ஒருவருக்கு வாய்ப்பு ஏது? பேச்சுரிமை பயிர் என்றால், நேர்மையான விசாரணை அதற்கு வேலி. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012இல் நீக்கப்பட்டது. வேலியைக் காக்கும் பொறுப்போ ஒவ்வொரு தலைமுறைக்கும் உரியது.