வாட் மட்டும் போதுமா? – ஃபைபர் லேசரில் கற்றையின் தரம்



சானமாவுப் பக்கமிருந்து ஓசூர் பட்டறைகளுக்குப் பயிற்சிக்குப் போகும் நம்மவர்கள் பலர், தகடு வெட்டும் ஃபைபர் லேசர் மெஷினைப் பார்த்திருப்பீர்கள். பார்த்தவுடன் கேட்பது, "எத்தனை கிலோவாட்?" அது பாதிக் கேள்விதான். கற்றை எவ்வளவு சிறிய புள்ளியாகக் குவியும் என்பது மீதிப் பாதி. அதைத் தீர்மானிப்பவை ஒளியிழைக்குள் ஓடும் மோடுகள்.

மோடு என்றால் என்ன?

வீணைத் தந்தி தன் நீளத்துக்குப் பொருந்திய அதிர்வுகளை மட்டுமே தாங்கும். அதுபோல இழையின் நடுவிலுள்ள கோரில், பொருந்திய சில வடிவங்களில் மட்டுமே ஒளி நிலையாகச் செல்லும். ஒவ்வொரு வடிவமும் ஒரு மோடு. 1961-இல் எலியாஸ் ஸ்னிட்சர் இவற்றைக் கணக்கிட்டு வெளியிட்டார்.

எத்தனை மோடு?

வி எண் = 2 × பை × கோரின் ஆரம் × என்.ஏ. ÷ அலைநீளம்

இது 2.405-க்குக் கீழே இருந்தால் ஒரே மோடுதான். இட்டெர்பியம் லேசரின் அலைநீளம் சுமார் 1.07 மைக்ரான். கோர் விட்டம் 10 மைக்ரான், என்.ஏ. 0.08 என்றால் வி எண் 2.35, ஒற்றை மோடு. விட்டம் 50, என்.ஏ. 0.1 என்றால் வி எண் 14.7. இங்கே வி எண்ணின் வர்க்கத்தில் பாதி, அதாவது நூற்றுக்கு மேற்பட்ட மோடுகள்!

இதனால் என்ன?

கற்றையின் தரத்தை எம் ஸ்கொயர் என்ற எண்ணால் அளக்கிறோம். மிகச் சிறந்த கற்றைக்கு அது 1. உயர் மோடுகள் கலந்தால் எண் ஏறும். அதே லென்ஸ், அதே அகலக் கற்றை. எம் ஸ்கொயர் 2 ஆனால் புள்ளியின் விட்டம் இரட்டிப்பு, பரப்பு நான்கு மடங்கு. ஆக, 1 கிலோவாட் நல்ல கற்றை குவியத்தில் தரும் செறிவைப் பெற, இதற்கு 4 கிலோவாட் வேண்டும். கரண்ட் பில்லை நினைச்சுப் பாருங்க!

கோரைப் பெரிதாக்கினால் அதிக பவர் தாங்கும். ஆனால் மோடு கூடும். இதற்கு ஒரு வழியை 2000-இல் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தினர் காட்டினர். இழையைத் தக்க ஆரத்தில் சுருளாகச் சுற்றினால் உயர் மோடுகள் வளைவில் கசிந்துவிடும். அடிப்படை மோடு தங்கும்.

அதற்காக ஒற்றை மோடே எப்போதும் உசத்தி என்று எண்ண வேண்டாம். மெல்லிய தகட்டுக்கு அது கச்சிதம். தடித்த தகட்டிலோ, உருகிய உலோகத்தை வாயு ஊதித் தள்ள அகலமான வெட்டு தேவை. அங்கே பல மோடு கற்றையே கைகொடுக்கும்.

ஒரு கணக்கு உங்களுக்கு: கோர் விட்டம் 20 மைக்ரான், என்.ஏ. 0.06. வி எண் 3.52 வருகிறதா, போட்டுப் பாருங்க. இது ஒற்றை மோடா? இனி இன்டர்வியூவில் லேசர் பற்றிக் கேட்டால், வாட்டோடு நிறுத்தாமல் கற்றையின் தரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.