பவளம் சுருங்கினால் முதலில் தண்ணீரைப் பாருங்கள்

இராஜபாளையத்தில் நாய்க்கு வைத்தியம் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. வீட்டுத் தொட்டியில் வளர்கிற பவளத்துக்கு நோய் வந்தால் நாமேதான் வைத்தியர். நானும், ஸ்ரீவில்லிபுத்தூரில் மரைன் டேங்க் வைத்திருக்கும் நண்பரும் பார்த்துக் கற்றதில் பயன்படக்கூடியவற்றைச் சொல்கிறேன்.

முதலில் சட்டம். கல் பவளங்களும் கடல் விசிறிகளும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலியோடு சேர்த்து வைக்கப்பட்டவை. யார் விற்றாலும் வாங்காதீர்கள். எங்களிடம் இருப்பவை ஜோவா, மஷ்ரூம், லெதர் போன்ற, கல் கட்டாத வகைகள். அவற்றையும் எங்கிருந்து வந்தவை என்று விசாரித்து, பில்லோடு வாங்குங்கள்.

இனி நோய். தொட்டியில் எல்லாமே ஒன்றாகச் சுருங்கினால் கோளாறு தண்ணீரில். ஒன்று மட்டும் சுருங்கினால் கோளாறு அதனிடத்தில். இதைத் தீர்மானிக்காமல் மருந்தைத் திறக்க வேண்டாம்.

எல்லாம் சுருங்கினால்

எங்கள் பக்கம் முதல் எதிரி வெயில். 26 டிகிரியில் இருக்க வேண்டிய தண்ணீர், சித்திரை மாதத்து மின்வெட்டில் 30-ஐத் தாண்டிவிடும். சதைக்குள் இருந்து உணவு தரும் நுண்பாசிகள் வெளியேறி, பவளம் வெளுக்கும். மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் கோடையில் நடந்தது இதுதான். வெளுத்ததெல்லாம் செத்ததல்ல. சதை குழையாமல், தொட்டால் சுருங்கினால் உயிர் இருக்கிறது. விளக்கைக் குறைத்து, தண்ணீரின் மேல் சிறிய மின்விசிறியைத் திருப்பிவையுங்கள். நம் ஊர் வறண்ட காற்றுக்கு அது நன்றாகவே குளிர்விக்கும்.

விசிறி வைத்தால் தண்ணீர் வேகமாக ஆவியாகும். உப்பு அப்படியே நிற்கும். 1.025-இல் இருக்க வேண்டிய உப்படர்த்தி ஏறிவிடும். குறைந்த அளவை வெறும் ஆர்.ஓ. தண்ணீரால் நிரப்புங்கள், உப்புநீரால் அல்ல.

வீட்டு ஆர்.ஓ. மெஷினையும் சோதியுங்கள். செம்பு சேர்க்கும் கார்ட்ரிட்ஜ் இருந்தால் அந்தத் தண்ணீர் தொட்டிக்கு ஆகாது. நமக்கு நல்லது என்று விற்கப்படும் செம்பு பவளத்துக்கு நஞ்சு. மீனின் வெள்ளைப்புள்ளி நோய்க்குக் கொடுக்கும் செம்பு மருந்தும் அப்படியே. மெம்பிரேனிலிருந்து நேராக வரும் தண்ணீரைப் பிடித்து, டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டுகிறதா என்று பாருங்கள்.

ஒன்று மட்டும் சுருங்கினால்

லெதர் சில நாள் மூடிக்கொண்டு, மேலே மெழுகுபோல் பளபளத்தால் பதற வேண்டாம். தோலுரிக்கிறது. நீரோட்டம் அதன்மேல் படும்படி வைத்தால் போதும்.

ஜோவா மூடியே கிடந்தால் இரவில் விளக்கணைத்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஜோவாவைத் தின்னும் குட்டிக் கடல் நத்தை, தின்ற ஜோவாவின் நிறத்தையே பூசிக்கொண்டிருக்கும், அசையும்போதுதான் பிடிபடும். காம்புகளின் அடியில் வெள்ளைச் சுருளாக முட்டை தெரியும்.

வைத்தியம் எளிது. தொட்டித் தண்ணீரைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து, மருந்துக்கடையில் கிடைக்கும் பொவிடோன் அயோடினை வெளிர் தேநீர் நிறம் வரும்வரை சொட்டுங்கள். ‘சொல்யூஷன்’ என்று கேட்டு வாங்குங்கள். ‘ஸ்க்ரப்’பில் சோப்பு இருக்கும். பத்து நிமிடம் முக்கி, வேறு உப்புநீரில் அலசுங்கள். முட்டை இதற்குச் சாகாது. சாமணத்தால் பிய்த்தெடுத்து, வாரம் கழித்து மறுபடி முக்க வேண்டும்.

பழுப்புக் கூழ் படர்ந்து சதை கரைந்தால் பொறுக்காதீர்கள். மோட்டாரை நிறுத்தி, கூழை மெல்லிய குழாயால் உறிஞ்சி வெளியேற்றுங்கள். மோட்டார் ஓடினால் அது பக்கத்துப் பவளங்களுக்கும் பரவும். பிறகு அழுகிய பகுதியை வெட்டிவிட்டு, மீதியை அயோடினில் முக்குங்கள்.

ஜோவாவைக் கையாளும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். சில வகைகளில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. ஜோவா ஒட்டிய கல்லை ஒருபோதும் வெந்நீரில் போடாதீர்கள். அந்த ஆவியே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும்.

புதிதாக வாங்கியதைச் சில வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்தால் இந்த வைத்தியத்தில் பாதிக்கு வேலையே இராது.