பறவைக் கணக்கெடுப்பும் நடந்த தூரமும்

பறவைகளை எண்ணப் புகுவோர் எண்ணிக்கையிற் காட்டும் கவனத்தில் ஒரு பங்கைத்தானும் தாம் நடந்த தூரத்திற் காட்டுவதில்லை. “ஆட்காட்டி 14, செண்பகம் 3, புலுனி 60” எனத் திட்டமாகக் குறிப்பேட்டில் எழுதுபவர், “தூரம் ஏறக்குறைய 2 கிலோமீற்றர்” என்று முடித்துவிடுவார். அந்த “ஏறக்குறைய” என்னும் சொல் முழுக் கணக்கையும் கெடுக்க வல்லது. எங்ஙனமெனிற் கூறுதும்.

ஒரு வழியே நடந்து, இருமருங்கும் 50 மீற்றருக்குட்பட்ட பறவைகளை மட்டும் எண்ணுவதாகக் கொள்வோம். நாம் ஆராயும் பட்டையின் அகலம் 100 மீற்றர். 2 கிலோமீற்றர் நடந்தால் பரப்பு 20 ஹெக்டேயர். அதில் 60 புலுனிகள் தென்பட்டால் ஹெக்டேயருக்கு 3. உண்மையில் நடந்தது 2.4 கிலோமீற்றராயின் பரப்பு 24 ஹெக்டேயர், அடர்த்தி 2.5 மட்டுமே. இன்று மதிப்பாக எழுதிய கணக்கைப் பத்தாண்டின் பின் வேறொருவர் செம்மையாக அளந்து ஒப்பிடுவாராயின், புலுனிகளில் ஆறிலொரு பங்கு அழிந்துவிட்டதென்று முடிவு கட்டுவார். பறவையோ ஒன்றேனும் குறையவில்லை. இதன் மறுதலையும் நிகழும். மெய்யாகவே அருகிவரும் இனம் பிழையான தூரத்தினுள் மறைந்துகொள்ளும். ஒரு சதுப்பு நிலத்தைக் காக்க வேண்டுமென வாதிடுவோருக்கு இத்தகைய கணக்குகளே சான்றாதலின், இஃது அற்ப விடயமன்று.

தூரம் அளக்கும் கருவிகளுள் மிகப் பழையது மனிதனின் கவடே. உரோமர் ஆயிரம் இரட்டைக் கவடுகளை ஒரு மைல் என்றனர். 1866 இல் மாறுவேடத்தில் லாசா நகரை அடைந்த நைன்சிங் என்னும் இந்திய நில அளவையாளர், நூற்றெட்டு மணிகளுக்குப் பதிலாக நூறு மணிகள் கோத்த செபமாலையை ஏந்தி, நூறு கவடுக்கொரு மணியாகத் தள்ளிக்கொண்டே நடந்தார். மாலை ஒருமுறை சுற்றிவந்தால் பதினாயிரம் கவடுகள். பார்த்தவர் அவரைப் பக்தரென்றே எண்ணினர்!

நைன்சிங் எந்நிலத்தினும் ஒரே அளவாய்க் கவடு வைக்கப் பயின்றவர். நமக்கு அப்பயிற்சி இல்லை. ஆதலின் மாணாக்கர் கல்லூரி மைதானத்தில் நாடா பிடித்து 100 மீற்றரைக் குறித்து, நான்கு முறை நடந்து சராசரி காண்க. 140 கவடுகள் ஆயின், ஒரு கவடு ஏறக்குறைய 71 சதமமீற்றர். கவனிக்க வேண்டியது யாதெனில், அங்ஙனம் நடக்கையில் கழுத்திலே தொலைகாட்டி தொங்க, பறவை பார்ப்பவன் நடையிலேயே நடத்தல் வேண்டும். விரைந்து நடப்பவன் கவடு நீளும். தயங்கி நடப்பவன் கவடு குறுகும். மணற்காட்டு மணற்குன்றுகளிற் கால் புதைய நடக்கும் கவடு ஒழுங்கையில் நடக்கும் கவடாகாது. அதற்குத் தனியே அளவு காண்க.

இக்காலத்திற் பலர் கைத்தொலைபேசியிலுள்ள ஜி.பி.எஸ். கருவியையே நம்புவர். 2000 ஆம் ஆண்டு மே மாதம் வரை பொதுமக்களுக்குக் கிடைத்த செய்மதிக் குறிகள் வேண்டுமென்றே மழுக்கப்பட்டிருந்தன. இன்றோ திறந்த வெளியில் 5 மீற்றர் அளவிற்கு இடம் காட்டும். ஆயினும் இக்கருவிக்கு இரண்டு குணங்கள் உண்டு. அவை ஒன்றற்கொன்று எதிரானவை. நாம் ஒரு பனங்கூடலில் அசையாது நின்று கரிச்சானைப் பார்த்துக்கொண்டிருக்க, கருவி காட்டும் புள்ளி அங்குமிங்கும் துள்ளும். அத்துள்ளல்களையெல்லாம் கூட்டி, நில்லாத தூரத்தை நடந்ததாகக் காட்டும். பறவை பார்ப்போர் நடப்பதினும் நிற்பதே மிகுதியாதலின் இப்பிழை அவர்க்கே பெரிது. மாறாக, நீண்ட இடைவெளிக்கொருமுறை இடம் பதியுமாறு கருவியை வைத்தால், வளைவுகளையெல்லாம் நேர்கோடாய் வெட்டித் தூரத்தைக் குறைத்துவிடும். கருவியையும் கவடு போலச் சோதிக்க வேண்டும். 400 மீற்றர் ஓடுபாதையில் நின்று நின்று ஒரு சுற்று வருக. அது 450 எனக் காட்டுமாயின் அதன் குணம் விளங்கும்.

எந்தத் தூரத்தை எழுதுவது என்பதிலும் தெளிவு வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதி வழியே மண்டைதீவு நோக்கிச் சென்று, அவ்வழியே மீள்பவர் போன தூரத்தையே எழுதல் வேண்டும். திரும்பி வந்ததைச் சேர்த்தலாகாது. கடனீரேரியின் அதே நீர்ப்பரப்பையன்றோ இருமுறையும் பார்த்தார்? 2002 இல் ஐக்கிய அமெரிக்காவில் தொடங்கி இன்று உலகெங்கும் வழங்கும் ஈபேட் பதிவேட்டின் விதியும் இதுவே. வட்டமாகச் சுற்றி வந்தால் முழுத் தூரமும் சேரும். ஒரு குருவியை இனங்காணப் பற்றைக்குள் நுழைந்து மீண்ட தூரம், கோட்டின் நீளத்தோடு சேராது.

மேடு பள்ளம் பற்றிச் சிலர் வினவுவர். பரப்பென்பது கிடைநிலத்திற் கணிப்பது. 10 பாகைச் சரிவில் நடந்த 100 மீற்றர் கிடையாக 98.5 மீற்றராகும், அது பொருட்டன்று. 30 பாகையில் 86.6 ஆகிவிடும். குடாநாட்டில் இக்கவலை இல்லை. மலைநாட்டிற் கணக்கெடுப்போர் இதனை விடலாகாது.

குறிப்பேட்டில் தூரத்தின் அருகே அதனை அளந்த முறையையும், கவடு, நாடா, கருவி, வரைபடத்தில் நூல் வைத்தது என்றிவற்றுள் எதுவாயினும், ஒரு சொல்லில் எழுதிவைக்க. பின்வருவோர் ஒப்பிடுகையில் முதலில் தேடுவது அச்சொல்லையே.