கைவேலையா, கண்வேலையா? பேராக்கில் விலங்கு மீட்பகப் பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு

எங்கள் தோட்டத்தில் பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்ட வருஷம், லயத்து வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. ஈப்போவுக்குக் கிளம்பிய லோரிகளில் அலமாரி ஏறியது, சாமிப்படம் ஏறியது, கோழிக்கூடுகூட ஏறியது. நாய்கள் ஏறவில்லை. போகிற இடம் அடுக்குமாடியில் நாலாவது மாடி. அங்கே நாய் வளர்க்க விடமாட்டார்கள். சில நாள் கழித்து மிச்ச சாமான் எடுக்கப் போன மாமா, விடியற்காலைப் பெரட்டு நேரத்துக்கு நாய்கள் மட்டும் களத்தில் வந்து நின்றதைப் பார்த்துவிட்டு வந்தார். வெட்டுக்குப் போகும் இருட்டில் முன்னால் ஓடிப் பாம்பைக் காட்டிக்கொடுத்த நாய்கள் அவை.

கல்லூரித் தொழிற்பயிற்சிக்கோ, எஸ்பிஎம் தேர்வு முடிந்த இடைவெளியிலோ விலங்கு மீட்பகத்தில் சேர விரும்பி, எங்கே போகலாம் என்று கேட்கும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறேன். அவர்கள் மனத்தில் பெரும்பாலும் யானைக்குட்டியோ உராங் ஊத்தானோ இருக்கும். அதில் தப்பில்லை. ஆனால் இடத்தைத் தேர்ந்தெடுக்குமுன் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்: உங்களுக்கு இப்போது தேவை கைவேலையா, கண்வேலையா? நாய் பூனைக் காப்பகத்தில் கை பழகும். வனவிலங்கு மையத்தில் கண் பழகும். இரண்டையும் ஒரே இடத்தில் தருவதாகச் சொல்பவர்களிடம் கொஞ்சம் கூடுதலாக விசாரியுங்கள்.

முதலில் கைவேலை. ஈப்போவில் ஐ.எஸ்.பி.சி.ஏ. எனப்படும் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் இருக்கிறது. நோவாஸ் ஆர்க் ஈப்போ என்ற அமைப்பும் இருக்கிறது. கைவிடப்பட்டவற்றை ஏற்றுப் பராமரித்து வீடு தேடிக் கொடுப்பது ஒரு வழி. தெருநாயைப் பிடித்து, கருத்தடை செய்து, இருந்த இடத்திலேயே விட்டுக் கவனித்துக்கொள்வது இன்னொரு வழி. நோவாஸ் ஆர்க் இரண்டாவது வழியை நெடுங்காலமாக வலியுறுத்தி வருகிறது. நாயின் சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள்தான். வருஷத்தில் இரண்டு ஈற்றுகூட உண்டு. கருத்தடை இல்லாமல் காப்பகம் மட்டும் நடத்துவது ஓட்டை வாளியில் தண்ணீர் இறைப்பது போலத்தான். ஆகவே கருத்தடை வேலை நடக்கும் இடத்தில் சேருங்கள். பிடிக்கும் கூண்டு வைப்பது, அறுவைக்கு முன் பட்டினி போடுவது, மயக்கம் தெளியும்வரை பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை எண்ணுவது எல்லாம் அங்கே கைவரும்.

நாள் எப்படி இருக்கும் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். காலை 7 மணிக்குக் கூண்டு கழுவல். ஒன்றரை மணி நேரமாவது ஆகும். பிறகு சோறும் கோழிக்கழுத்தும் வேகவைத்த அண்டா. பிறகு உண்ணி எடுத்தல், காது துடைத்தல், மருந்து. குட்டிகள் இருக்கும் பகுதிக்கு வேறு செருப்பு. பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், உங்கள் காலணியே அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். நேற்று வாலாட்டிய ஆறு குட்டிகளில் இன்று இரண்டுதான் எழுந்து நிற்கின்றன என்ற காலையும் வரும். அதைத் தாங்கமாட்டேன் என்று தோன்றினால், வெட்கப்படாமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வரவேற்பிலும் தத்துக் கொடுப்பதிலும் ஆள் தேவைப்படும். நாயைத் தொடத் தயங்கும் மலாய் நண்பர்கள் சேர விரும்பினால் பூனைக்கூடத்தில் அவர்களுக்கு நிறைய வேலை இருக்கிறது.

நான் முதன்முதலில் காப்பகத்துக்கு உதவப் போனபோது, செம்மோர் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு நாய் வந்தது. உடம்பெல்லாம் சொறி, அதன்மேல் பழைய எஞ்சின் எண்ணெய். கறுத்துப் பிசுபிசுவென்று ரோமத்தோடு ஒட்டியிருந்தது. பூசியவர் கெட்டவர் அல்ல. தோட்டத்தில் தலைமுறையாகச் செய்துவந்த வைத்தியம் அது. நாய் அதை நக்கி விழுங்கும், ஈரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சமையல் எண்ணெயைத் தேய்த்து அதை இளக்கி, பாத்திரம் கழுவும் சோப்பால் மூன்று முறை கழுவினோம். மூன்றாம் தண்ணீர்தான் சாம்பல் நிறத்துக்கு வந்தது. நாய் அவ்வளவு நேரமும் என் முழங்கையில் தாடையை வைத்துக்கொண்டு நின்றது. சொறிக்கு மருத்துவர் எடை பார்த்து மருந்து கொடுத்தார். ஆறு வாரத்தில் முதுகில் மெல்லிய செம்பழுப்பு ரோமம் முளைத்தது.

தோட்டத்துப் பிள்ளைகளை முதலில் இங்கேதான் போகச் சொல்கிறேன் என்றால் காரணம் இதுதான். அந்த எண்ணெயைப் பூசிய பெரியவரிடம் போய், தாத்தா, இது வேண்டாம், ஊசி போட்டால் சரியாகிவிடும் என்று அவர் மனம் நோகாமல் தமிழில் சொல்ல உங்களால் முடியும். பயிற்சியில் கற்றது மறுவாரமே லயத்தில் பயன்படும்.

சேருமுன் மூன்று கேள்விகள். மருத்துவர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார்? புதிதாக வரும் விலங்கு இரண்டு வாரமாவது தனியே வைக்கப்படுகிறதா? இடம் நிறைந்துவிட்டால் என்ன செய்கிறார்கள்? "யாரையும் திருப்பி அனுப்பமாட்டோம்" என்ற பதில் கேட்க இனிக்கும். கருத்தடையும் தத்தும் இல்லாமல் அப்படிச் சொன்னால், அங்கே நாய்கள் நெரிசலில் ஒன்றையொன்று கடித்துச் சாகும். அன்பில் தொடங்கி அப்படி முடிந்த இடங்கள் உண்டு. இன்னொன்று: ஊசி போடச் சொல்லிக் கொடுப்போம் என்று யாராவது ஆசை காட்டினால் மயங்காதீர்கள். 1974ஆம் ஆண்டின் கால்நடை மருத்துவர் சட்டப்படி மருத்துவம் பார்ப்பது பதிவுபெற்ற மருத்துவரின் வேலை. நீங்கள் பிடித்துக்கொள்ளலாம், பார்க்கலாம், குறித்துவைக்கலாம்.

இனிக் கண்வேலை. ஈப்போவிலிருந்து தெற்கே, பீடோர் தாண்டினால் சுங்காய். வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் தேசிய வனவிலங்கு மீட்பு மையம் அங்கே இருக்கிறது. கண்ணியில் மாட்டியவை, கடத்தலில் பிடிபட்டவை, ஊருக்குள் வழிதவறி வந்தவை எல்லாம் அங்கே வரும். அரசாங்க மையம் என்பதால் நினைத்த மாத்திரத்தில் நுழைய முடியாது. கல்லூரிக் கடிதம் வேண்டும், பல மாதங்களுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். உள்ளே போனாலும் விலங்கைத் தொட விடமாட்டார்கள். தீனி வெட்டுவீர்கள், வேலிக்கு வெளியே நின்று நடத்தையைக் குறிப்பெடுப்பீர்கள், எச்சம் சேகரிப்பீர்கள். அதுதான் சரியான முறை. காட்டுக்குத் திரும்ப வேண்டிய விலங்கு மனிதன் வாசனைக்குப் பழகக் கூடாது. குரங்குக் குட்டியை மடியில் வைத்துப் படமெடுக்க விடும் எந்த இடமும் காப்பகம் அல்ல. நீளவால் குரங்கிடம் இருக்கும் ஹெர்பீஸ் பி கிருமி கடி வழியே மனிதருக்கு வந்தால் உயிருக்கே ஆபத்து. நம் சளிக்காய்ச்சல் மனிதக் குரங்குகளைக் கொன்றுவிடவும் கூடும்.

நாயும் புலியும் தனித்தனி உலகம் என்று நினைத்திருந்தேன். 2019 ஜூலையில் திரெங்கானுவின் கம்போங் பெசூல் பக்கம் ஒரு மலாயாப் புலி ஊருக்குள் வந்தது. மனிதரைக் கண்டு ஒதுங்காமல், தடுமாறியபடி நடந்தது. பிடித்துச் சுங்காய்க்குக் கொண்டுவந்தார்கள். ஆவாங் பெசூல் என்று பெயர் வைத்தார்கள். சில நாளில் இறந்துபோனது. நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் நோயின் அறிகுறிகள் அதனிடம் இருந்தன. காட்டில் மலாயாப் புலி 150க்கும் குறைவு என்று 2022இல் வெளியான கணக்கெடுப்பு சொல்கிறது. டிஸ்டெம்பர் தடுப்பூசி, ஈப்போ காப்பகத்தில் ஆறு வாரக் குட்டியை நீங்கள் பிடித்துக்கொள்ளும்போது போடப்படும் அதே முதல் ஊசிதான். காட்டோரத் தோட்டங்களில் நாய்களுக்கு ஊசி போடுவதும் புலியைக் காக்கும் வேலைதான் என்பதை ஆவாங் பெசூல்தான் எனக்குப் புரியவைத்தது.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1961இல் தொடங்கிய தைப்பிங் விலங்குக் காட்சியகம் கல்லூரிப் பயிற்சிக்கு நல்ல இடம். ஒழுங்கான நேர அட்டவணை இருக்கும், மதிப்பெண் தாளில் கையெழுத்திட மேலாளரும் இருப்பார். ஆனால் அது காட்சியகம், மீட்பகம் அல்ல. புக்கிட் மேராவின் உராங் ஊத்தான் தீவில் அந்த விலங்கை அருகில் பார்க்கலாம். ஆனால் உராங் ஊத்தானின் சொந்தக் காடு போர்னியோவிலும் சுமத்ராவிலும்தான். மறுவாழ்வு என்ன என்று புரிய வேண்டுமானால் சபாவின் செப்பிலோக் போவதே மேல். அங்கே உராங் ஊத்தான் மையம் 1964 முதல் நடக்கிறது. பக்கத்திலேயே 2008இல் வோங் சியூ தே தொடங்கிய சூரியக்கரடி மையமும் இருக்கிறது. விமானச் செலவு உண்டு. வெளிநாட்டு ஏற்பாட்டாளர்கள் வழியே போனால் ஆயிரக்கணக்கான வெள்ளி கேட்பார்கள். மையத்துக்கே நேராக எழுதுங்கள்.

யானைதான் வேண்டும் என்றால் பகாங்கில் கோலா காண்டா, 1989இல் தொடங்கியது. சுற்றுலாக் கூட்டத்துக்குத் தயாராகப் போங்கள். 2025 மே மாதம் கெரிக் அருகே கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் லோரி மோதிச் செத்த குட்டியை விட்டு நகராமல், லோரியைத் தலையால் முட்டிக்கொண்டு நின்ற தாய் யானையைக் காணொளியில் பார்த்த பிறகு பல பிள்ளைகள் யானைக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். அந்த வருத்தம் நியாயமானது. ஆனால் யானை காப்பதில் பெரும்பங்கு குளிப்பாட்டுவது அல்ல, சாலைகளும் தோட்டங்களும் குறுக்கிட்ட பாதைகளைக் கணக்கெடுப்பது. அதற்குக் கண்ணும் கணிதமும் வேண்டும்.

தமிழிலேயே கற்க ஆசைப்பட்டால் சென்னை. 1959இல் கேப்டன் சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ் அங்கே இருக்கிறது. தெருநாய் கருத்தடையை 1960களிலேயே ஆரம்பித்தவர்கள். ஒரு மாதத்தில் அங்கே பார்க்கும் நோயாளிகளின் எண்ணிக்கை உங்களைத் திணறடிக்கும். வெறிநோய் முன்தடுப்பூசி போடாமல் போகவே கூடாது.

எங்கே போனாலும் பூட்ஸ் வேண்டும், எலிச்சிறுநீரால் லெப்டோஸ்பைரோசிஸ் வரும். டெட்டனஸ் ஊசி வேண்டும். பெரும்பாலான காப்பகங்கள் சம்பளம் தராது. ஈப்போ ஓரங்களுக்குப் பேருந்து நம்பத்தக்கதல்ல, மோட்டாரோ யாரோடாவது பங்குப் பயணமோ ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். குறைந்தது ஆறு வாரம் கொடுங்கள். அதற்குக் குறைந்தால் நாய் உங்களுக்குப் பழகும்போது நீங்கள் கிளம்பிவிடுவீர்கள்.

எப்போது தொடங்கலாம் என்று காப்பகம் கேட்டால், தீபாவளி வாரத்தைச் சொல்லுங்கள். அந்த வாரம் நம் தாமான்களில் வெடிச்சத்தத்துக்கு மிரண்டு ஓடிய நாய்கள் வாய்க்காலிலும் நெடுஞ்சாலை ஓரத்திலும் கிடைக்கும். அந்த வாரத்தில்தான் தொண்டர்கள் பாதிப்பேர் விடுப்பில் இருப்பார்கள்.