முதலில் உதிரிபாகம், பிறகு கிதார்

கோயம்புத்தூர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். அவற்றில் நீ செய்திருக்கும் கிதாரின் கழுத்து நன்றாக வந்திருக்கிறது. வேலையை விட்டுவிட்டு எலெக்ட்ரிக் கிதார் செய்து விற்கப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். உன் அம்மா என்னைத்தான் திட்டுகிறாள். சின்ன வயதிலேயே உன்னைப் பட்டறைக்குக் கூட்டிப்போய்க் கெடுத்தவன் நான்தானாம். செய்யாதே என்று சொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் அகலக்கால் வைக்காதே. முதலில் உதிரிபாகம் விற்றுப் பழகு, கிதார் அதன் பின்னால் வரட்டும்.

பெயர் கேள்விப்படாத ஒருவன் செய்த கிதாருக்கு நாற்பதாயிரம் ரூபாய் எடுத்து வைக்க யாருக்கும் கை வராது. அதே ஆள், கம்பிகளைத் தலைப்பக்கம் தாங்கும், ஒழுங்காக வெட்டிய எலும்பு நட் ஒன்றுக்கு முந்நூறு ரூபாயை யோசிக்காமல் தருவான். அது அவன் கிதாரில் சரியாக உட்கார்ந்துவிட்டால் அடுத்து வயரிங் கேட்பான், பிறகு பிக்கார்டு கேட்பான். ஒரு நாள் கழுத்தே கேட்பான். அமெரிக்காவில் ஷெக்டர் கம்பெனி 1976-ல் பழுதுபார்க்கும் கடையாகத்தான் தொடங்கியது. உதிரிபாகம் செய்து விற்றுவிட்டு, முழுக் கிதாருக்கு 1979-ல்தான் வந்தார்கள். ராக் கிதார் கலைஞர் எடி வான் ஹேலன் மேடையில் வைத்து வாசித்த கோடுபோட்ட கிதாரும் உதிரி வாங்கிச் சேர்த்ததுதான். கழித்துப்போட்ட உடல் 50 டாலர், கழுத்து 80 டாலர், பழைய கிப்சன் கிதாரிலிருந்து கழற்றிய பிக்கப் ஒன்று.

இதற்கெல்லாம் வழி திறந்தவர் லியோ ஃபெண்டர். அவருக்குக் கிதார் வாசிக்கவே தெரியாது. ரேடியோ ரிப்பேர் செய்த மனிதர் என்பதால், கெட்டுப்போனதைக் கழற்றி மாற்ற முடிகிறதா என்றுதான் எதையும் பார்த்தார். 1950-ல் அவர் கொண்டுவந்த கிதாரில் கழுத்தைப் பசை வைத்து ஒட்டாமல் நாலு திருகில் பூட்டினார். கழுத்து கோணிப்போனால் கழற்றிவிட்டு வேறொன்றைப் பூட்டலாம். கிதார் உதிரிபாக வியாபாரமே அந்த நாலு திருகை நம்பித்தான் நடக்கிறது. எங்கோ ஒருவன் செய்த கழுத்து, வேறெங்கோ ஒருவன் செய்த உடலில் இறுக உட்கார வேண்டும். கழுத்தின் அடிப்பகுதி 56 மி.மீ. அகலம் என்றால் 56தான். அரை மில்லி கூடினால் உள்ளே போகாது, குறைந்தால் ஆடும்.

ஆகவே நீ எதை விற்றாலும் அளவைத்தான் விற்கிறாய். இந்தத் தொழிலில் அங்குலமும் மில்லிமீட்டரும் கலந்து கிடக்கின்றன. அமெரிக்க அளவு வால்யூம் பாட் (ஒலியளவைத் திருகும் பாகம்) தண்டில் 24 பல், ஆசிய மெட்ரிக் பாட்டில் 18 பல். ஒன்றின் குமிழ் மற்றதில் ஏறாது. அழுத்தி ஏற்றினால் உடையும். பழைய மாதிரி டியூனருக்குத் துளை 8.7 மி.மீ., புதிய மாதிரிக்கு 10 மி.மீ. “எல்லாக் கிதாருக்கும் பொருந்தும்” என்று ஒருபோதும் எழுதாதே. வெர்னியரைப் பிடித்து அளந்து, எண் தெரியும்படி படம் எடுத்துப் போடு. பொருந்தாது என்று தெரிந்தால் நீயே முந்திக்கொண்டு சொல்லிவிடு. அன்றைக்கு அந்த விற்பனை போனாலும் அந்த ஆள் திரும்பி வருவான்.

ஃப்ரெட் அடிக்கும்போதும் இதே கதைதான். 648 மி.மீ. ஸ்கேல் (அதிரும் கம்பியின் நீளம்) என்றால் அதை 17.817-ஆல் வகுத்தால் முதல் ஃப்ரெட்டின் இடம் கிடைக்கும். மிச்சத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் இரண்டாவது. கணக்கு அப்படிப் போகட்டும். பலகையில் குறிக்கும்போது மட்டும் ஒவ்வொன்றையும் நட்டிலிருந்தே அள. முந்தைய ஃப்ரெட்டிலிருந்து அளந்துகொண்டு போனால், பென்சில் கோட்டின் பருமனே சேர்ந்து சேர்ந்து மேல் ஃப்ரெட்டுகளில் சுருதியைக் கெடுத்துவிடும்.

மரம் பற்றிக் கேட்டிருந்தாய். பழைய தேக்கு வாங்கினால் முதலில் காந்தத்தை ஓட்டிப் பார், உள்ளே ஆணி புதைந்திருக்கும். தேக்கில் எண்ணெய் உண்டு. ஒட்டுவதற்குச் சற்று முன்னால் தின்னர் தொட்டுத் துடைக்காவிட்டால் பசை பிடிக்காது. நம் மலையில் விளையும் ஈட்டியை உலகம் முழுக்க ஃப்ரெட்போர்டுக்குத் தேடுகிறார்கள். ஆனால் பில் இல்லாமல் ஒரு துண்டுகூட வாங்காதே. 2017 முதல் ஈட்டி வகை மரங்கள் எல்லாம் அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்துக்கான சைட்டிஸ் ஒப்பந்தக் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. 2019 கடைசியில் முடித்த இசைக்கருவிகளுக்கும் அவற்றின் முடித்த பாகங்களுக்கும் விலக்கு கொடுத்தார்கள். வெறும் பலகையாக வெளிநாட்டுக்கு அனுப்பினால் அந்த விலக்கு உனக்கு உதவாது.

உன் படங்களில் எனக்குக் குறை தெரிந்தது பாலிஷில்தான். லாக்கரில் அங்கங்கே வெள்ளை பூத்திருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நீ இருக்கும் சென்னையில் லாக்கர் அடித்தால் அப்படித்தான் ஆகும். தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். மழை விடும்வரை பொறு. அவசரமென்றால் மெதுவாக ஆறுகிற ரிட்டார்டர் தின்னரைக் கொஞ்சம் கலந்து, மெல்லிசாக அடி. அடித்த பிறகு மாதக்கணக்கில்கூடக் காத்திருக்க வேண்டிவரும். மூக்கருகே வைத்தால் வாசனை வரக்கூடாது, நகத்தால் அழுத்தினால் தடம் விழக்கூடாது. அதன் பிறகுதான் வாட்டர் பேப்பர்: 1000, 1500, 2000 என்று ஏறிப் போ. விளிம்பில் கையை அழுத்தாதே, அங்கேதான் முதலில் மரம் தெரியும். திருகுத் துளைகளைத் தண்ணீர் படாமல் மெழுகால் அடைத்துக்கொள். தண்ணீர் உள்ளே இறங்கினால் மரம் உப்பி, துளையைச் சுற்றி லாக்கர் வெடிக்கும். ஹார்டனர் கலக்கும் பி.யு. (பாலியூரித்தேன்) பாலிஷ் வாங்கிவந்து மொட்டை மாடியில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அடிக்கலாமென்று நினைக்காதே. அதிலிருக்கும் ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும். அதற்கென்று வசதியுள்ள ஸ்ப்ரே பட்டறையில் கொடுத்துவிடு.

தலைப்பகுதியை உன் கையால் வரைந்த வடிவில் செய். ஃபெண்டர் கம்பெனியின் தலை வடிவம் அவர்களுடைய பதிவு பெற்ற வணிகச் சின்னம். அவர்கள் பெயரை ஸ்டிக்கராக ஒட்டித் தரச் சொல்லிக் கேட்பவர்கள் வருவார்கள், கூடுதல் காசும் தருவார்கள். மறுத்துவிடு. போலி செய்பவன் என்ற பேர் ஒருமுறை ஒட்டினால் உன் நட்டைக்கூட நம்பி வாங்க மாட்டார்கள்.

நாள் ஆகிறதே என்று சலித்துக்கொள்ளாதே. பிரையன் மே 1963-ல் தன் அப்பாவோடு வீட்டில் செய்யத் தொடங்கிய கிதார் முடிய ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆயிற்று. கழுத்து பழைய கணப்பு அடுப்பின் மகோகனிச் சட்டம், ட்ரெமலோ ஸ்பிரிங்குகள் பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகள். அதைத்தான் குயீன் இசைக்குழுவில் வாழ்நாளெல்லாம் வாசித்துவருகிறார்.

வேலையைப் பற்றி என் யோசனை இதுதான். உதிரிபாகத்துக்குத் தனிக் கணக்கு வை. வாங்கிய விலை, சுங்கம், கூரியர், திரும்பி வந்த சரக்கு, உன் கூலி எல்லாவற்றையும் எழுது. அந்தக் கணக்கிலிருந்து ஆறு மாதம் தொடர்ந்து வீட்டு வாடகை கட்ட முடிந்தால் ராஜினாமா கடிதம் கொடு, உன் அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். அதுவரை வேலையில் இரு. மாலையில் நட் வெட்டு, ஞாயிற்றுக்கிழமை கிதார் செய்.

அடுத்த கடிதத்தில் படத்தோடு நட்டிலிருந்து 12-வது ஃப்ரெட் வரை அளந்த எண்ணையும் எழுதியனுப்பு. 324 வருகிறதா பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் மாமா