பூட்டிய அறையில் வீட்டுப்பொருள்

பாடம் 9 – உரைநடை

நுழையுமுன்

மாணவர்களே! பெற்றோர்க்கு இடமாறுதல் ஆணை வந்ததும் வீட்டில் பெட்டிகள் வெளிவருவதைக் கண்டிருப்பீர்கள். பொருள்களைக் கட்டுவதிலும் அடுக்குவதிலும் ஒரு முறை உண்டு. அதனை இப்பாடம் விளக்குகிறது.

பாடம்

மைய அரசுப் பணியாளர் பலர் ஓர் ஊரிலேயே நிலைத்து வாழ்வதில்லை. அவர்தம் பிள்ளைகளின் கல்வி தடைபடலாகாது என்னும் நோக்கத்துடன் 1963ஆம் ஆண்டு கேந்திரிய வித்யாலயா பள்ளிகள் தோன்றின. புதிய ஊரில் பிள்ளைகளுக்குப் பள்ளி கிடைத்தாலும், பொருள்களுக்கு இடம் உடனே கிடைப்பதில்லை. அரசுக் குடியிருப்பு ஒதுக்கப்படும்வரை சில திங்கள் காத்திருக்க நேரும். அக்காலத்தில், பெருநகரங்களில் வாடகைக்குக் கிடைக்கும் சேமிப்பு அறைகள் உதவுகின்றன.

எவற்றை உள்ளே வைக்கலாகாது என்பதை முதலில் அறிதல் வேண்டும். சேமிப்பகத்தில் ஒரே கூரையின்கீழ்ப் பல குடும்பங்களின் பொருள்கள் இருக்கும். ஒருவர் செய்யும் பிழை அனைவரையும் வருத்தும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே சென்று கலையாமல் தரையோடு தங்கும். மூடிய அறையில் அதனைப் பற்றவைக்கச் சிறு பொறி போதும். ஆதலின் உருளையையும் ரெகுலேட்டரையும் முகவரிடம் ஒப்படைத்துச் சீட்டுப் பெறுதல் வேண்டும். பெட்ரோல், மண்ணெண்ணெய், வண்ணப்பூச்சு, பட்டாசு ஆகியனவும் கூடா. இன்வெர்ட்டர் பேட்டரி சாய்ந்தால் அமிலம் சிந்தும். அரிசி, பருப்பு முதலியன எலியையும் எறும்பையும் அழைக்கும். மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், நகை ஆகியன எப்போதும் நம் கையோடு இருத்தல் நலம்.

அடுத்தது கட்டும் முறை. புத்தகங்களைச் சிறிய பெட்டியிலும், தலையணை, போர்வை போன்றவற்றைப் பெரிய பெட்டியிலும் இடுக. 45 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் 30 செ.மீ. உயரமும் உள்ள அட்டைப்பெட்டியைப் புத்தகங்களால் நிரப்பினால் அதன் எடை 30 கிலோவை நெருங்கும். தூக்குபவரின் முதுகு நோவும். பெட்டியின் அடியும் கிழியும். பீங்கான் தட்டுகளைத் தாளில் சுற்றி, படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்தால் உடைவது குறையும். செய்தித்தாளின் மை வெள்ளைத் துணியில் படியும்; அங்கு வெற்றுத் தாளே ஏற்றது. குளிர்பதனப் பெட்டியை நன்கு துடைத்து உலர்த்தி, நிமிர்த்தி வைத்து, கதவு சிறிது திறந்திருக்கும்படி துணியால் கட்டுக. இல்லையேல் உள்ளே பூஞ்சை படரும்.

மூன்றாவது அடுக்கும் முறை. பத்தடி நீளமும் பத்தடி அகலமும் எட்டடி உயரமும் கொண்ட அறையின் கொள்ளளவு 800 கன அடி. நடுவே இரண்டடி அகலத்தில் வழி விட்டால் 160 கன அடி குறையும். அஃது இழப்பன்று. வழியில்லாத அறையில், பின்சுவரை ஒட்டிய ஒரு பெட்டியை எடுக்க முன்னுள்ள அனைத்தையும் இறக்க நேரும். கனமானவை கீழேயும் இலேசானவை மேலேயும் இருத்தல் வேண்டும். முதலில் தேவைப்படும் பொருள் இறுதியாக உள்ளே செல்லட்டும். குக்கர், பாய், பள்ளிச் சீருடை ஆகியன கதவருகே இருந்தால் புதிய ஊரில் முதல் நாளே பயன்படும்.

மழைக்காலத்தில் தரையும் சுவரும் ஈரம் ஏற்கும். ஆகவே மரச்சட்டங்களைப் பரப்பி அவற்றின்மேல் பெட்டிகளை வைக்க வேண்டும். சுவரிலிருந்து நான்கு விரல் இடைவெளியும் வேண்டும். மெத்தையைப் பிளாஸ்டிக் உறையில் இறுக்கி மூடினால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறாது. பருத்தி உறையே நல்லது. உலர்ந்த வேப்பிலையும் வசம்பும் இட்டுப் பட்டாடைகளைக் காப்பது நம் முன்னோர் வழக்கம்.

இறுதியாக, ஒவ்வொரு பெட்டியின் இரு பக்கங்களிலும் எண் எழுதி, எந்த எண்ணில் எப்பொருள் உள்ளது எனக் குறிப்பேட்டில் பதிவு செய்க. அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்பது பழமொழி. திறக்கும் நாளை எண்ணி மூடிய பெட்டியே எளிதில் பயன்தரும்.

சொற்பொருள்

திங்கள் – மாதம்
பொறி – தீத்துளி
கூடா – தகாதவை
நோவும் – வலிக்கும்
வசம்பு – ஒரு மருந்துச் செடியின் உலர்ந்த கிழங்கு

பயிற்சி

1. பிரித்து எழுதுக: மரச்சட்டம், காற்றோட்டம், பட்டாடை.
2. எதிர்ச்சொல் தருக: ஈரம், கனம், இழப்பு.
3. எரிவாயு உருளையைச் சேமிப்பு அறையில் ஏன் வைக்கலாகாது?
4. 'முதலில் தேவைப்படும் பொருள் இறுதியாக உள்ளே செல்லட்டும்' – விளக்குக.
5. 12 அடி நீளம், 10 அடி அகலம், 8 அடி உயரம் உள்ள அறையில், நீளவாக்கில் இரண்டடி அகல வழி விட்டால் எஞ்சும் கொள்ளளவு எவ்வளவு?
6. செயல்பாடு: உங்கள் புத்தக அலமாரியை மூன்று பெட்டிகளில் கட்டுவதாகக் கொண்டு, எண்ணிட்ட பட்டியல் ஒன்று தமிழில் எழுதுக.