முயல் சாப்பிட மறுத்தால் நாளை வரை காத்திருக்காதீர்கள்

வீட்டில் முயலைப் பார்த்துக்கொள்ளும் மூத்தோருக்கான வழிகாட்டி

முயலை ஆசைப்பட்டு வாங்கியது பேரப்பிள்ளையாக இருக்கலாம். ஆனால் பிள்ளைகள் வேலைக்கும் பள்ளிக்கும் சென்றபின், பகல் முழுவதும் அதோடு வீட்டில் இருப்பவர் நீங்கள்தான். அது சோர்ந்திருப்பதை முதலில் கவனிக்கப்போவதும் நீங்கள்தான். முயலுக்கு வரும் வயிற்றுக் கோளாறில் சில மணி நேரத் தாமதம்கூட உயிருக்கு ஆபத்தாக முடியலாம். அதனால் இதைப் பற்றி நீங்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

முயலின் வயிறு எப்படி வேலை செய்கிறது?

நாம் ஒரு வேளை பட்டினி கிடந்தால் வயிற்றுக்கு ஓய்வு கிடைக்கும் என்போம். முயலுக்கு அது பொருந்தாது. அதன் குடல் இரவும் பகலும் இயங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அதை இயக்குவது புல்லில் உள்ள நார்ச்சத்து. நார்ச்சத்து குறைந்தாலும், உடலில் நீர் வற்றினாலும், வலியோ பயமோ ஏற்பட்டாலும் குடலின் அசைவு மெதுவாகி, பிறகு நின்றுவிடும். உள்ளே இருக்கும் உணவு காய்ந்து இறுகும், வாயு சேரும், வலி கூடும். வலி கூடுவதால் முயல் இன்னும் சாப்பிடாது. இதையே குடல் தேக்கம் என்கிறோம். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. பல மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் கல்லீரலும் பாதிக்கப்படும்.

முயல் தன் நோயை மறைக்கும் விலங்கு. அது பெரும்பாலும் முனகாது, கத்தாது. எனவே அதன் நடத்தையைப் பார்த்துத்தான் நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

இந்த அறிகுறிகளைக் கவனியுங்கள்

• வழக்கமாக ஓடி வந்து வாங்கும் கீரையை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது.
• புழுக்கை சிறுத்து, எண்ணிக்கை குறைந்து காணப்படுகிறது. அல்லது அறவே இல்லை. நலமான முயல் ஒரு நாளில் 200க்கும் மேற்பட்ட உருண்டையான புழுக்கைகளை இடும்.
• ஒரு மூலையில் குறுகி உட்கார்ந்திருக்கிறது, அல்லது வயிற்றைத் தரையில் அழுத்தி அழுத்திப் படுக்கிறது.
• பற்களைச் சத்தமாக நறநறவெனக் கடிக்கிறது.
• காதுகள் குளிர்ந்திருக்கின்றன, உடல் தளர்ந்திருக்கிறது.
• வயிறு உப்பி, தொட்டால் கெட்டியாக இருக்கிறது.

காலை உணவைத் தொடவில்லை என்றால், அன்றே விலங்கு மருத்துவரைத் தொலைபேசியில் அழையுங்கள். 12 மணி நேரமாகச் சாப்பிடவோ புழுக்கை இடவோ இல்லை என்றால் அது அவசர நிலை. வயிறு உப்பியிருந்தாலும், உடல் குளிர்ந்து துவண்டிருந்தாலும் நேரத்தைக் கணக்குப் பார்க்க வேண்டாம். உடனே புறப்படுங்கள்.

எல்லா விலங்கு மருந்தகங்களும் முயலுக்குச் சிகிச்சை தருவதில்லை. முயலைப் பார்க்கும் மருந்தகம் ஒன்றையும், இரவில் திறந்திருக்கும் ஒன்றையும் இப்போதே பிள்ளைகளிடம் கேட்டு, அவற்றின் எண்களைப் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவையுங்கள். அழைக்கும்போது மூன்று விவரங்களைச் சொன்னால் போதும்: கடைசியாக எப்போது சாப்பிட்டது, கடைசியாக எப்போது புழுக்கை இட்டது, வயிறு உப்பியிருக்கிறதா.

போகும் வரை என்ன செய்யலாம்?

முயலை அமைதியான இடத்தில் வையுங்கள். புதிய உலர்புல்லும் தண்ணீரும் அருகில் இருக்கட்டும். உடல் குளிர்ந்திருந்தால், வெதுவெதுப்பான நீர் நிரப்பிய புட்டியைத் துண்டில் சுற்றி அதன் பக்கத்தில் வைக்கலாம். மருத்துவர் சொல்லாமல் எதையும் வாயில் ஊட்டாதீர்கள். குடலில் அடைப்பு இருந்தால் ஊட்டுவதே ஆபத்தாகிவிடும்.

இவற்றைச் செய்யாதீர்கள்

குழந்தைக்கு வயிறு உப்பினால் ஓமத் தண்ணீர் கொடுத்தும், தொப்புளைச் சுற்றி மருந்து எண்ணெய் தடவியும் வளர்த்தவர்கள் நீங்கள். முயலுக்கு அந்தக் கைவைத்தியம் வேண்டாம். முயல் தன் உடலை நக்கித்தான் சுத்தம் செய்யும். தடவிய எண்ணெய் முழுவதும் அதன் வயிற்றுக்குள் போய்விடும்.

வீட்டில் மீதமிருக்கும் வலி மாத்திரை, வயிற்றுப்போக்கு மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். குறிப்பாக, மனிதர்களுக்குத் தரப்படும் அமோக்சிசிலின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகளை வாய்வழி கொடுத்தால், முயலின் குடலில் உள்ள நல்ல கிருமிகள் அழிந்து உயிரே போகக்கூடும். உங்கள் மாத்திரை ஒன்று தரையில் விழுந்தாலும் உடனே தேடி எடுத்துவிடுங்கள்.

அன்னாசிச் சாறு வயிற்றில் உள்ள முடியைக் கரைக்கும் என்று சிலர் சொல்வார்கள். அது முடியைக் கரைப்பதில்லை. அதில் உள்ள சர்க்கரை நோயை மோசமாக்கலாம்.

சிகிச்சைக்குப்பின் வீட்டில்

மருத்துவர் பெரும்பாலும் வலி நிவாரணி, தோலுக்கடியில் செலுத்தும் நீர்மம், சில வேளைகளில் குடலைத் தூண்டும் மருந்து ஆகியவற்றைத் தருவார். முயல் தேறிவிட்டதுபோல் தெரிந்தாலும், மருத்துவர் சொன்ன நாள்வரை வலி மருந்தை நிறுத்தாதீர்கள். வலி திரும்பினால் சாப்பாடு மீண்டும் நின்றுவிடும்.

ஊசியில்லாத பீச்சுக்குழாயில் கூழ் உணவு ஊட்டச் சொன்னால், இப்படிச் செய்யுங்கள்:

1. வழுக்காத துண்டை விரித்து, முயலை அதன் இயல்பான நிலையில் உட்காரவைத்து, தலை மட்டும் வெளியே தெரியும்படி சுற்றுங்கள். மல்லாக்கப் படுக்கவைக்கக் கூடாது.
2. குழாயின் நுனியை முன்பற்களுக்குப் பின்னுள்ள இடைவெளியில், வாயின் ஓரமாக நுழையுங்கள்.
3. ஒரு தடவைக்கு 1 மில்லிலிட்டருக்கு மேல் தள்ளாதீர்கள். மென்று விழுங்கும்வரை பொறுத்திருங்கள். அவசரப்பட்டால் கூழ் நுரையீரலுக்குள் போய்விடும்.
4. ஊட்டிய நேரத்தையும் அளவையும், புழுக்கையின் எண்ணிக்கையையும் ஒரு தாளில் குறித்துவையுங்கள்.

எத்தனை முறை, எவ்வளவு என்பதை முயலின் எடையைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். கை நடுங்கினாலோ பார்வை மங்கலாக இருந்தாலோ, நீங்கள் முயலைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் ஊட்டட்டும்.

மீண்டும் வராமல் தடுக்க

முயலின் உணவில் பெரும்பகுதி உலர்புல்லாக இருக்க வேண்டும். திமோதிப் புல் நல்லது. அது எந்நேரமும் கூண்டில் இருக்கட்டும். வைக்கோல் வேறு, உலர்புல் வேறு. வைக்கோலில் போதிய சத்து இல்லை. பெல்லட் தீவனம் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு மேசைக்கரண்டி போதும். கொத்தமல்லி, புதினா, பாக் சோய் போன்றவற்றைக் கழுவி, கொஞ்சமாகக் கொடுக்கலாம். கேரட்டும் பழமும் முயலுக்கு இனிப்புப் பலகாரம் மாதிரி. எப்போதாவது ஒரு சிறு துண்டு கொடுத்தால் போதும். சோறு, ரொட்டி, பிஸ்கட், முறுக்கு வேண்டாம். நாம் அன்போடு நீட்டும் கையளவு உணவே அதன் குடலை நிறுத்திவிடலாம்.

தண்ணீரைப் புட்டியில் மட்டுமின்றிக் கனமான கிண்ணத்திலும் வையுங்கள். பல முயல்கள் கிண்ணத்தில் அதிகம் குடிக்கும். நம் ஊர் வெயிலும் முயலுக்கு எதிரிதான். வெப்பம் 28 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே அதற்குச் சிரமம். பிற்பகலில் கூண்டைச் சன்னலோரத்திலிருந்து நகர்த்தி, மின்விசிறியைப் போடுங்கள். உறையவைத்த தண்ணீர்ப் புட்டியைத் துண்டில் சுற்றி வைத்தால் அதன்மேல் சாய்ந்துகொள்ளும். தினமும் சில மணி நேரமாவது ஓடியாட விடுங்கள். பல் நீளமாக வளர்ந்தாலும் முயல் சாப்பிடாது. அதனால் ஆண்டுக்கு ஒரு முறையாவது மருத்துவரிடம் பல்லைக் காட்டுவது அவசியம்.

உங்கள் நலமும் முக்கியம்

• கூண்டைச் சுத்தம் செய்தபின்னும், முயலைத் தொட்டபின்னும் சவர்க்காரத்தால் கைகழுவுங்கள். கையில் காயம் இருந்தால் கையுறை அணியுங்கள்.
• முயல் கீறினால் ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். நீரிழிவு உள்ளவர்கள், சிவப்போ வீக்கமோ தெரிந்தால் மருத்துவரைப் பாருங்கள்.
• முயல் காலைச் சுற்றி ஓடும். அது வெளியே இருக்கும்போது விளக்கைப் போட்டுக்கொண்டு, மெதுவாக நடங்கள். இரவில் கழிவறைக்கு எழும் நேரத்தில் அது கூண்டில் இருப்பது நல்லது.
• குனிந்து தூக்க முயலாதீர்கள். உட்கார்ந்தபடி, ஒரு கையை மார்புக்கடியிலும் மறு கையைப் பின்பகுதிக்கடியிலும் கொடுத்துத் தூக்குங்கள். பின்னங்காலைத் தாங்காவிட்டால், உதறும்போது அதன் முதுகெலும்பே முறியலாம்.
• உலர்புல்லின் தூசு ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது. முகக்கவசம் அணிந்துகொள்ளுங்கள், அல்லது புல் போடும் வேலையைப் பிள்ளைகளிடம் விடுங்கள்.

தினமும் காலையில் மூன்றைப் பாருங்கள்: புல் குறைந்திருக்கிறதா, தண்ணீர் குறைந்திருக்கிறதா, புழுக்கை நிறைய இருக்கிறதா. மூன்றில் ஒன்று மாறியிருந்தாலும் பிள்ளைகளை அழையுங்கள். அவர்கள் வேலையாக இருப்பார்கள் என்று தயங்கவேண்டாம். மாலைவரை காத்திருந்தால் தாமதமாகிவிடலாம்.